எக்ஸ் கதிர் வராத கருந்துளையை எப்படி உறுதி செய்கிறார்கள்?

கேள்வி:
சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை புரிகிறது. பக்கத்து விண்மீனின் வாயு உள்ளே விழும்போது சூடேறி எக்ஸ் கதிர் வருகிறது. கையா விண்கலம் விண்மீன்களின் இடத்தை அளந்த தரவிலிருந்து 2022-ல் அறிவித்த கையா பிஎச்1-ல் தெரிவதோ சூரியனைப் போன்ற ஒரே ஒரு விண்மீன்தான். கூட இருப்பது கருந்துளைதான், மங்கலான இன்னொரு விண்மீன் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கணக்கோடு விளக்கினால் நல்லது.

பதில் 1:
விண்மீனின் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கோடுகள்) முன்னும் பின்னும் நகர்வதை அளந்தால் போதும். வேக வீச்சு (கி.மீ./விநாடி) மும்மடி × சுற்றுக்காலம் (நாள்) × (1 − மையப்பிறழ்வின், அதாவது பாதை எவ்வளவு நீள்வட்டம் என்ற எண்ணின், வர்க்கம்)-இன் 1.5 அடுக்கு × 1.036 × 10⁻⁷. இதுதான் நிறைச்சார்பு: துணையின் குறைந்தபட்ச நிறை, சூரிய நிறையில். பிஎச்1-க்கு வேகம் சுமார் 67, காலம் 185.6, மையப்பிறழ்வு 0.45. போட்டுப் பாருங்கள், 4 சூரிய நிறையை ஒட்டி வரும்.

தெரியும் விண்மீனுக்கு நிறையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் துணை இதைவிடக் குறைய முடியாது. நியூட்ரான் விண்மீன் (வெடித்த விண்மீனின் அடர்ந்த எச்சம்) 3 சூரிய நிறையைத் தாண்டாது. 4 சூரிய நிறையுள்ள சாதாரண விண்மீன் என்றால் சூரியனைப் போல நூறு மடங்குக்கு மேல் ஒளிரும். நிறமாலையில் மறைக்கவே முடியாது. அதை 2 சூரிய நிறையுள்ள இரண்டு விண்மீன்களாகப் பிரித்தாலும் கண்ணுக்குத் தப்பாது. கையா அளந்த பாதையின் சாய்வையும் தெரியும் விண்மீனின் நிறையையும் சேர்த்தால் உண்மை நிறை 9.6.

எக்ஸ் கதிர் ஏன் இல்லை? இரண்டுக்கும் இடைவெளி 1.4 வானியல் அலகு (பூமி–சூரியன் தூரத்தைப் போல 1.4 மடங்கு). வாயு வழிந்து போகும் தூரமில்லை.

பதில் 2:
நிறைச்சார்பு சிறியதாக இருந்தால்தான் வம்பு. அப்போது தெரியும் விண்மீனின் நிறையை ஊகித்துத் துணையின் நிறையை எடுக்க வேண்டும். எச்ஆர் 6819 அப்படித்தான் கவிழ்ந்தது. 2020-ல் மிக அருகிலுள்ள கருந்துளை என்றார்கள். 2022-ல் சிலியின் பெருந்தொலைநோக்கிகள் பார்த்தபோது இரண்டு விண்மீன்கள், கருந்துளை இல்லை. ஒன்று தன் மேலுறையைத் துணையிடம் இழந்தது. நிறமாலை கனமான நீல விண்மீன்போல் காட்டும், நிறை சூரியனைவிடவும் குறைவு.

எல்பி-1 (2019, 70 சூரிய நிறை) வேறு ரகப் பிழை. ஹைட்ரஜன் உமிழ்வுக் கோடு (நிறமாலையில் பளிச்சென்று தெரியும் கோடு) ஆடுவதைக் கருந்துளையின் ஆட்டம் என்று எடுத்தார்கள். அதன்மேல் விண்மீனின் உட்கவர் கோடு (இருண்ட கோடு) நகர்ந்தாலே உமிழ்வு எதிர்ப்பக்கம் ஆடுவதுபோலத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
கையா தரும் சுற்றுப்பாதையை மட்டும் நம்பலாமா?

பதில் 1:
கூடாது. கையா விண்கலத்தின் சுழலச்சு 63 நாளுக்கொருமுறை வட்டமிட்டது. அந்தக் காலத்தையும் அதன் மடங்குகளையும் ஒட்டிப் போலிப் பாதைகள் முளைக்கும்; பிஎச்1-இன் 186 நாளும் மும்மடங்குக்குப் பக்கம்தான். அதனால்தான் தரையிலிருந்து வேகம் அளந்தார்கள். விண்மீன் கருந்துளையை நெருங்கும் நாட்களில் வேகம் மளமளவென மாறும். அப்போது அடுத்தடுத்து நிறமாலை எடுப்பது நல்லது. கையா முன்கூட்டிச் சொன்ன வளைவோடு அளவுகள் பொருந்தின.

நீண்ட காலப் பாதைகளுக்குத் தரவு போதாமையும் ஒரு தடை. 2024-ல் வந்த பிஎச்3 (33 சூரிய நிறை) சுற்ற 11.6 ஆண்டு ஆகும். கையாவின் மூன்றாம் தரவு வெளியீட்டில் இருந்ததோ 34 மாத அளவீடுதான். நான்காம் வெளியீட்டுக்கான தரவைச் சரிபார்க்கும்போதுதான் அது சிக்கியது.