புதுப்பிப்பு: அகஸ்டஸ் தெனாரியஸின் பின்பக்கத்தில் இருப்பவர்கள் போர்வீரர்கள் அல்லர்

போன மாதம் என்னிடமுள்ள தெனாரியஸின், அதாவது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக்காசின், படத்தைப் போட்டு, பின்பக்கத்தில் கேடயத்தோடு நிற்கும் இருவரும் படைவீரர்கள் என்று எழுதியிருந்தேன். தவறு. உடையைப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் கவசமே இல்லை. தோளிலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கும் டோகா, ரோமக் குடிமக்கள் போர்த்திக்கொள்ளும் ஆடை.

அவர்கள் கையஸும் லூசியஸும். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். அவரே தத்தெடுத்த வாரிசுகள். ‘இளையோர் தலைவர்கள்’ என்று குதிரைவீரர் வகுப்பினர் அவர்களுக்கு வெள்ளிக் கேடயமும் ஈட்டியும் பரிசளித்தார்கள். காசில் இருப்பது அதுதான்.

அப்புறம், காசின் மேற்பகுதியில் தேய்மானம் என்று நான் ஒதுக்கிய இரண்டு கோடுகள்! ஒன்று பூசைக் கரண்டி, கையஸின் குருத்துவப் பதவிக்கு. இன்னொன்று நுனி வளைந்த கோல், நிமித்தம் பார்க்கும் லூசியஸுக்கு.

லுக்துனும் நகரில் (இன்றைய பிரான்சின் லியோன்) கி.மு. 2 முதல் அச்சான வகை இது. தமிழ்நாட்டுப் புதையல்களிலும் கிடைத்திருக்கிறது. லூசியஸ் கி.பி. 2-லும் கையஸ் கி.பி. 4-லும் இறந்துபோனார்கள். அது தெரிந்தபின் அந்தக் காசைக் கீழே வைக்க மனம் வரவில்லை.