வேன் ஹூல் கவிழ்ந்தது குடும்பத்தாலா?

குந்தா டிரைவர் (மஞ்சூர்):
பெல்ஜியத்து வேன் ஹூல் 2024 ஏப்ரலில் திவாலாச்சு. 1947ல பெர்னார்ட் வேன் ஹூல் கோனிங்ஸ்ஹோய்க்ட்ங்கிற ஊர்ல ஆரம்பிச்ச பஸ் கம்பெனி. முக்கால் நூற்றாண்டு அந்தக் குடும்பத்துக் கையிலயே இருந்தது. இப்ப பஸ் பக்கத்தை நெதர்லாந்து விடிஎல் எடுத்துக்கிச்சு, டிரெய்லர் பக்கம் ஜெர்மனிக்காரங்க ஷ்மிட்ஸ் கார்கோபுல்லுக்குப் போயிடுச்சு. போன வாரம் இங்க ஒருத்தர் "குடும்பம் நடத்தினா கடைசியில இதுதான்"னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டார். எனக்கு ஒப்பலைங்க.

22 வருஷம் மலையில வண்டி ஓட்டினவன் நான். ஒருதடவை புதுசா கூண்டு, அதாவது பஸ்ஸோட மேல் உடம்பு, கட்டி வந்த வண்டிக்குப் பின் சக்கரத்துக்கு அப்புறம் வால் நீளமா இருந்தது. கெத்தை ரோட்டுல 43 கொண்டை ஊசி. ஒவ்வொண்ணுலயும் ஏறும்போது வால் தரையில தேயும், "கர்ர்"னு ஒரு சத்தம், கடைசி சீட்டுல இருக்கிறவங்க எந்திரிச்சிடுவாங்க. கட்டினது ஒரு சின்னக் குடும்பப் பட்டறை. போன்ல சொன்னதும் அந்தப் பெரியவரே மலையேறி வந்து, வளைவுல குத்தவச்சு உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வண்டிக்கு வாலோட அடிப்பக்கத்தைச் சாய்வா வெட்டிக் கட்டிக் குடுத்தார். பெரிய கம்பெனியில இதை யார்கிட்டங்க சொல்றது?

கொடை பனி:
அண்ணே, வண்டி கட்டுறதுல குடும்பத்துக்கு இருக்குற அக்கறையை நான் இல்லேங்கலை. ஆனா நீங்க புகழ்ற அந்தக் குணம்தான் வேன் ஹூலை முழுங்குச்சு. வாங்குறவன் கேட்டபடியெல்லாம் கட்டிக் குடுக்குறதுல பேர் வாங்கின கம்பெனி அது. ஒவ்வொரு வண்டியும் தனித்தனி மாதிரின்னா செலவு எங்க போய் நிக்கும்? 2013ல வடக்கு மாசிடோனியா ஸ்கோப்யேல ஆலை போட்டதே கூலி குறையும்னுதான். அப்புறம் கொரோனா வந்து சுற்றுலா கோச் வியாபாரமே படுத்துருச்சு. நெருக்கடி நேரத்துல இரக்கமில்லாம முடிவெடுக்க வெளியாள் வேணும்ணே. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானே.

கோத்தகிரி பார்வையாளன்:
நம்ம ஊர்ல குடும்ப பஸ் கம்பெனி என்னாச்சுன்னு யோசிங்க. பொள்ளாச்சி நாச்சிமுத்து கவுண்டரோட ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் நல்லாத்தான் ஓடுச்சு. 1972ல அரசு எடுத்துச் சேரன் போக்குவரத்துக் கழகமா ஆக்கிடுச்சு. திவாலாவறதுக்கு வழியே விடலை.

கரூர் கூண்டு:
அவங்க பஸ் ஓட்டினவங்க தம்பி, கட்டினவங்க இல்ல. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

குந்தா அண்ணனும் கொடை பனியும் ரெண்டு பேருமே குடும்பம் குடும்பம்னு அதையே பிடிச்சிருக்கீங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து கூண்டு கட்டுற வீடு எங்க வீடு. அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன், பொறுத்துக்குங்க.

ஜெர்மனியில உல்ம் நகரத்துல கார்ல் கேஸ்போரர் 1893ல குதிரைவண்டிப் பட்டறை போட்டார். அந்த வீட்டு ஒட்டோ கேஸ்போரர் 1951ல செட்ரா பஸ்ஸைக் கொண்டு வந்தார். 'தன்னைத்தானே தாங்குறது'ங்கிற ஜெர்மன் சொல்லோட சுருக்கம்தான் அந்தப் பேர். நாங்க கரூர்ல செய்யிறது வேற: லாரிக்குப் போடுற மாதிரி நீளச் சேசி, அதாவது அடிச்சட்டம், வரும், அதுமேல கூண்டை உட்கார வைப்போம். உங்க கெத்தை வளைவுல சேசி முறுக்கிக்கும், கூண்டும் கூடவே முறுக்கணும். அதான் ரெண்டு வருஷத்துல ரிவிட் லூசாகிக் கண்ணாடி கடகடன்னு ஆடுது, மழைக்குக் கடைசி சீட்டுல சொட்டுது. செட்ராவுல கூண்டுதான் எலும்பு, தனிச் சேசியே கிடையாது.

இவ்வளவு மூளை இருந்தும் என்ன ஆச்சு? 1995ல மெர்சிடீஸ்காரன் வாங்கிட்டான். 1935ல ஸ்டுட்கார்ட்ல கோட்லோப் ஆவெர்ட்டர் ஆரம்பிச்ச நியோபிளான் பஸ் கம்பெனி 2001ல மேன்ங்கிற லாரி, இன்ஜின் கம்பெனிக்குப் போச்சு. வேன் ஹூலும் 1957ல இருந்து ஃபியட் இன்ஜினை வச்சுத்தான் வளர்ந்தது. கூண்டு நம்முது, இன்ஜின் அவனுது. இன்ஜின்காரன் "நானே முழு பஸ்ஸும் தர்றேன்"னு கிளம்புற அன்னைக்குக் கூண்டுக்காரனுக்கு வேலை போச்சு. இங்கயும் அதுதான் நடக்குது. சேசி விக்கிறவங்களே முழு வண்டியும் விக்கிறாங்க. இதுல அப்பன் பிள்ளை சண்டைக்கு எங்கங்க இடம்?

கொடை பனி:
அப்ப விடிஎல்? அதுவும் ஒரே குடும்பத்துக் கம்பெனிதான். 1953ல பீட்டர் வான் டெர் லேக்டே ஆரம்பிச்ச இரும்புப் பட்டறை. அதுதானே இன்னைக்கு வேன் ஹூல் பஸ்ஸை வாங்கியிருக்கு?

கரூர் கூண்டு:
அது பல தொழில் பண்ற கம்பெனி. பஸ்ஸுல நட்டம் வந்தா வேற எதுலயாச்சும் ஈடு கட்டிக்கும். எங்களுக்குக் கூண்டு மட்டும்தான்.

குந்தா டிரைவர் (மஞ்சூர்):
இன்ஜின் கதை சரிதான், ஒத்துக்கறேன். ஒரு வேடிக்கை பாருங்க. நம்ம மலையில ஓடுற அசோக் லேலண்டுக்கே ஒரு குடும்பத்துப் பேர்தான். 1948ல ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக் பேர்லதான் அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சார். லேலண்ட் 1955ல சேர்ந்தது. குடும்பம் போயிடுச்சு, பையன் பேர் மட்டும் ரேடியேட்டர் மேல நிக்குது.

கொடை பனி:
இனி இன்ஜினும் இல்லண்ணே, பேட்டரிதான். பெல்ஜியத்துலயே அரசுப் போக்குவரத்து டி லைன், மின்சார பஸ்ஸுக்குச் சீனாவோட பிஒய்டியைத்தான் தேர்ந்தெடுத்தது. வேன் ஹூல் விழுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. மலைக்கு மின்சார வண்டி நல்லதுன்னே தோணுது. இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடிக்கும், பிரேக் லைனர் கருகுற வாடை இருக்காது, பேட்டரியும் கொஞ்சம் ஏறும்.

குந்தா டிரைவர் (மஞ்சூர்):
வரட்டும் தம்பி. பேட்டரியை எங்க வேணா வைக்கட்டும். பின் சக்கரத்துக்கு அப்புறம் வால் எத்தனை அடின்னு மட்டும் யாராச்சும் கேட்டுச் சொல்லுங்க.