பட்ச் இடுவது முதலா, வன்பொருள் கண்காணிப்பு முதலா?

கேள்வி (மல்லாவி)

வணக்கம் அண்ணாமார், அக்காமார். எங்கள் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் ஓடும் இரண்டு சேர்வர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு வன்தட்டுகள் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் மிரராக (ஒரே தரவு இரண்டிலும் இருக்கும்படி) இணைக்கப்பட்டிருக்கின்றன. உறுப்பினர் கணக்குகளும் நெல் கொள்வனவுப் பதிவுகளும் அவற்றிலேயே இருக்கின்றன. ஒன்றரை ஆண்டாக எந்தப் பட்ச்சும் (மென்பொருள் திருத்தமும்) இடப்படாத நிலையில் இப்பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்துள்ளது. சென்ற வாரம் மின்வெட்டுக்குப் பின்னர் ஒரு சேர்வர் எழும்புவதற்கு வழமையைவிட நீண்ட நேரம் எடுத்தது. பெரும்போக நெல் வரத் தொடங்குமுன் எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில் (கிளிநொச்சி)

தம்பி, கண்காணிப்பை முதலில் அமையுங்கள். பட்ச் இட்டால் மறுதொடக்கம் தேவைப்படும். பல மாதங்களாக நிற்காமல் சுழன்ற பழைய வன்தட்டு நின்று மீண்டும் சுழலத் தொடங்கும் அந்த நேரத்திலேயே கைவிட்டுவிடக்கூடும். இன்றே இசட்பூல் ஸ்க்ரப் (தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் கட்டளை) ஒன்றை ஓடவிட்டு, அது முடிந்ததும் நிலை அறிக்கையில் படித்தல், எழுதுதல், செக்சம் (தரவுச் சரிபார்ப்பு) ஆகிய பிழைகளைக் காட்டும் மூன்று நிரல்களிலும் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் வன்தட்டுகளின் நிலையைக் கவனிக்கும் ஸ்மார்ட்டி சேவை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு வன்தட்டு பழுதடைந்ததை அது அறிவித்தும் இருந்தது. ஆனால் அந்த அறிவிப்புகள் ரூட் எனும் நிர்வாகிக் கணக்கின் உள்ளூர் அஞ்சற்பெட்டிக்கே சென்றன. மிரரின் இரண்டாவது வன்தட்டும் மறுதொடக்கத்தில் போன பிறகு, காப்புப் பிரதிக்காகப் பிரதியெடுத்து வைத்திருந்த அந்தப் பெட்டியைத் திறந்தபோது, திறக்கப்படாத மூன்று கடிதங்கள் கிடந்தன. முதலாவது பத்து வாரம் பழையது. இரண்டு மாதக் கணக்கைக் கடதாசிப் பற்றுச்சீட்டுகளிலிருந்து மீண்டும் பதிய வேண்டியிருந்தது. ஆகவே கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பும் ஏலியாசஸ் கோப்பில் ரூட்டுக்கு எதிரே நீங்கள் நாளாந்தம் பார்க்கும் முகவரியைக் கொடுங்கள். ஸ்மார்ட்டி அமைப்பில் சோதனைக் கடிதம் அனுப்பும் தெரிவை இட்டு, அக்கடிதம் உங்கள் தொலைபேசியில் வந்து விழுவதைக் கண்ணால் காணும்வரை வேலை முடிந்ததாகக் கருதாதீர்கள். ஸ்மார்ட் பண்புகளில் (வன்தட்டு தன் நிலைபற்றித் தானே பதியும் அளவீடுகள்) பழுதான பகுதிகளைக் குறிக்கும் 5, 197, 198 ஆகிய மூன்றின் மூல எண்களையும் எழுதி வையுங்கள். அவை ஏறிக்கொண்டே போனால் புதிய வன்தட்டு வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பதில் (வவுனியா)

மேலே சொல்லப்பட்டதுடன் உடன்படுகிறேன். ஒன்றரை ஆண்டு என்பதால் உங்கள் பதிப்புக்கான ஆதரவே முடிந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு சிறு பதிப்புக்கு, அடுத்தது வெளியாகி மூன்று மாதங்கள் வரையே பட்ச் கிடைக்கும். அவ்வாறாயின் புதிய பதிப்புக்கு மாற வேண்டும். அதில் கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிறுவப்பட்டு மறுதொடக்கம் செய்த பின்னர் நிறுவும் கட்டளையை மீண்டும் கொடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொடங்குமுன் புதிய பூட் என்விரோன்மன்ட் (சேர்வரை எழுப்பக்கூடிய அமைப்பின் தனிப் பிரதி) ஒன்றை உருவாக்கினால், பிழைத்தாலும் பழையதிலிருந்து எழுப்பிக்கொள்ளலாம். ஆனால் இசட்பூல் அப்கிரேட் கட்டளையை உடனே கொடுக்காதீர்கள்: பூலில் (வன்தட்டுகள் சேர்ந்த இசட்எஃப்எஸ் சேமிப்பகத்தில்) புதிய வசதிகள் இயக்கப்பட்டுவிட்டால் பழைய அமைப்பால் அதைத் திறக்க முடியாமற் போகலாம். முக்கியம் குறைந்த சேர்வரில் முதலில் செய்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

பதில் (முல்லைத்தீவு)

ஒன்று விடுபட்டுள்ளது. மின்சாரமற்று முற்றாக நின்றுவிட்ட சேர்வரால் கடிதம் அனுப்ப முடியாது. இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில் இருந்தால், ஒன்றையொன்று கவனிக்க வைப்பதாலும் பயனில்லை. வெளியிலுள்ள மூன்றாவது கணினி ஒன்று ஐந்து நிமிடத்துக்கொரு தடவை இவற்றைத் தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் அறிவிக்குமாறு செய்யுங்கள். எங்கள் பக்கத்து இடிமின்னலுக்கு இது கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. சோதனைக் கடிதம் முதலில் வரவில்லை. ஏலியாசஸ் கோப்பைத் திருத்திய பின்னரே வந்தது. தாமதமாக எழும்பிய சேர்வரில் ஒரு வன்தட்டின் 197ஆவது பண்பு 24 என்று காட்டுகிறது. காப்புப் பிரதியை இன்றிரவு எடுக்கிறேன். அந்த வன்தட்டை மாற்றி, ரீசில்வர் (புதிய வன்தட்டுக்குத் தரவைப் பிரதியெடுத்தல்) முடிந்த பின்னரே பட்ச்சைத் தொடுவேன்.