இருபது பைட்டு காப்புப்பிரதிகள்: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

தொடக்கப் பதிவு, திருவாரூர்

எங்கள் பகுதி உழவர்கள் பதினொரு ஆண்டுகளாகப் பாரம்பரிய நெல் பற்றிக் குறிப்பு எழுதிவரும் இணையதளத்தை நான் பராமரிக்கிறேன். மாப்பிள்ளைச் சம்பா யார் வயலில் எத்தனை நாளில் கதிர் வந்தது, கருப்புக் கவுனிக்கு எந்தப் பட்டம் ஒத்துவந்தது என்று அவரவர் பட்டறிந்து எழுதியவை. கடந்த ஆகஸ்டில், சோதனைக்காக உருவாக்கிய அட்டவணை என்று நினைத்து, அந்தக் குறிப்புகள் இருந்த அட்டவணையையே அழித்துவிட்டேன்.

முதலில் பதற்றமே இல்லை. தினமும் இரவில் தரவுத்தளத்தைப் படியெடுத்துச் சுருக்கி வைக்கும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே இயக்கும் நிரல்) ஒரு வரி எழுதி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கோப்புறையைத் திறந்தேன். முப்பது நாளுக்கு முப்பது கோப்புகள், தேதி பிசகாமல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அளவும் 20 பைட்டு.

மார்ச் மாதம் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். காப்புப்பிரதிக் கட்டளையில் பழைய கடவுச்சொல்லே இருந்தது. தரவுத்தளத்தைப் படியெடுக்கும் நிரலான மைஎஸ்கியூஎல்டம்ப் உள்ளே நுழைய முடியாமல் தினமும் திரும்பியிருக்கிறது. அது தருவதை வாங்கிச் சுருக்கும் ஜிஜிப்புக்கு இது தெரியாது. எதுவுமே வராவிட்டாலும் முன்னும் பின்னும் தன் அடையாளத் தகவலை வைத்து 20 பைட்டில் ஒரு கோப்பை உருவாக்கிவிடும். இப்படி இரண்டு நிரல்களைத் தொடராக இணைத்தால், கடைசி நிரல் வென்றதா என்பதை மட்டுமே, கட்டளைகளை இயக்கும் ஷெல் பார்க்கிறது. பைப்ஃபெயில் என்ற அமைப்பை இயக்கினால்தான் முதல் நிரலின் தோல்வியும் கணக்கில் வரும். பிழைச் செய்தி மின்னஞ்சலில் வந்திருக்க வேண்டும். அஞ்சல்பெட்டி நிறைகிறது என்று அதை நானே நிறுத்தி வைத்திருந்தேன்.

இன்றும் நினைத்தால் தாங்க முடியாதது வேறொன்று. முப்பது நாளைக் கடந்த கோப்புகளை அழிப்பதற்கும் க்ரானில் ஒரு வரி இருந்தது. அது மட்டும் பழுதில்லாமல் ஓடியது. மே மாதம் பிறப்பதற்குள் நல்ல பிரதிகள் அனைத்தையும் துடைத்துவிட்டது.

பொங்கலின்போது நண்பர் ஒருவர் பென் டிரைவில் எடுத்துவைத்த பிரதிதான் மிஞ்சியது. அதன்பின் எழுதப்பட்ட 214 குறிப்புகளில் சிலவற்றை, இணையப் பக்கங்களின் பழைய நிலையைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடி எடுத்தோம். மற்றவற்றுக்காக வீடு வீடாகப் போனேன். “அறுத்த கையோடு எழுதியது தம்பி, இப்போது கேட்டால் எப்படிச் சொல்வேன்?” என்றார் ஒரு பெரியவர். அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

மறுமொழி, மதுரை

அண்ணா, உங்கள் கோப்புகள் வெறுமையாக இருந்தன. எங்களுடையவை நிறைந்திருந்தன, அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாங்கள் நடத்துவது சிறுகதைத் தளம். வேறு சர்வருக்கு மாறியபோது காப்புப்பிரதியை ஏற்றினோம். ஆங்கிலச் சொற்கள் அப்படியே வந்தன. தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள்.

எங்கிருந்தோ நகலெடுத்த கட்டளையில் எழுத்துக் குறிமுறை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) லத்தீன்-1 என்று இருந்திருக்கிறது. அந்தக் குறிமுறையில் தமிழுக்கு இடமே கிடையாது. இடமில்லாத ஒவ்வொரு குறியையும் மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருள் கேள்விக்குறியாக மாற்றித் தந்துவிடும்; அதிலிருந்து மூல எழுத்தை மீட்க எந்த வழியும் இல்லை. பழைய சர்வரின் சந்தா முடிய நான்கு நாள் பாக்கி இருந்ததால் கதைகள் பிழைத்தன. இப்போது தமிழையும் எமோஜியையும் ஏற்கும் குறிமுறையான யுடிஎஃப்8எம்பி4 என்று தெளிவாகக் குறிப்பிட்டே படியெடுக்கிறோம். மைஎஸ்கியூஎல்லில் வெறும் யுடிஎஃப்8 என்றால் ஒரு குறிக்கு மூன்று பைட்டுதான். தமிழுக்கு அது போதும், வாசகர்கள் போடும் எமோஜிக்குப் போதாது. தமிழில் தளம் நடத்துபவர்கள் பிரதியைத் திறந்து ஒரு பத்தியாவது வாசித்துப் பார்த்துவிடுங்கள்.

மறுமொழி, கோவை

தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் செருகுநிரலில் காப்புப்பிரதிக்கு நேரம் குறித்தவர்கள் கவனிக்க வேண்டியது: வேர்ட்பிரஸின் சொந்த க்ரான், யாராவது தளத்துக்கு வந்தால்தான் விழித்துக்கொள்ளும். எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் தளத்துக்குச் சில நாட்களில் ஒருவர்கூட வரமாட்டார். அன்றைய பிரதியும் இருக்காது. அதை நிறுத்திவிட்டுச் சர்வரின் க்ரானிலேயே எழுதினேன். அப்போதும் அதிகாலை 2 மணிக்கு என்று குறித்தது காலை 7.30க்கு ஓடியது. சர்வரின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தது.

மறுமொழி, சென்னை

திருவாரூர் அண்ணா, மனம் தளராதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்தார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். அங்கும் தினசரிப் பிரதி ஓடிக்கொண்டிருப்பதாகவே நம்பியிருந்தார்கள். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் மென்பொருளின் 9.6 பதிப்பு, படியெடுக்கும் கருவியோ 9.2 பதிப்பு, அதனால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களும் அஞ்சல் சர்வரால் நிராகரிக்கப்பட்டன. அழிப்பதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த பிரதி அவர்களைக் காப்பாற்றியது. நடந்தது அனைத்தையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்கள் எழுதியதையும் அப்படித்தான் வாசித்தேன்.

தொடக்கப் பதிவு எழுதியவர்

நன்றி தம்பி. இப்போது நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். புதிய பிரதி நேற்றையதைவிடப் பத்தில் ஒரு பங்கு சிறுத்தாலும் கைபேசிக்குச் செய்தி வருகிறது. படியெடுப்பு முழுமையாக முடிந்தால் மைஎஸ்கியூஎல்டம்ப் கடைசி வரியில் அதைக் குறித்துவைக்கும். அந்த வரி இல்லாத கோப்பு செல்லாது. புதிய பிரதி இந்தச் சோதனைகளில் தேறிய பிறகே பழையது அழிகிறது. வீட்டுக் கணினி சர்வருக்குப் போய் ஒரு பிரதியை எடுத்துவருகிறது. வீட்டுக் கணினிக்குள் நுழையும் சாவி சர்வரிடம் இல்லை. யாரேனும் சர்வருக்குள் புகுந்தாலும் அங்கிருந்து இந்தப் பிரதியைத் தொட முடியாது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அன்றைய பிரதியை மடிக்கணினியில் முழுவதும் ஏற்றி, ஏதேனும் மூன்று குறிப்புகளை வாசிக்கிறேன். மதுரைத் தம்பி சொன்னதற்காக இந்த முறை உரக்கவே வாசித்தேன். மூன்றில் ஒன்று அந்தப் பெரியவருடையது. மாப்பிள்ளைச் சம்பா காற்றில் சாயாமல் நிற்க நாற்றுக்கு நாற்று எவ்வளவு இடைவெளி விட்டார் என்று மறுபடி எழுதித் தந்திருக்கிறார், முன்பைவிட நீளமாக.