வேர்டு கோப்பு வழியே நுழையும் விண்டோஸ் குறை: திருத்தம் வரும்வரை அலுவலகக் கணினிகளைக் காப்பது எப்படி?

மாட்டுங்கா கணக்கர் | 2022 ஜூன் 2

வணக்கம். மும்பை மாட்டுங்காவில் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பணியோடு 11 கணினிகளைக் கவனிக்கும் பொறுப்பும் என்னுடையது. ஒன்பதில் விண்டோஸ் 10, இரண்டில் விண்டோஸ் 7 இருக்கிறது. மே 30 அன்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட ‘ஃபொலினா’ என்னும் குறையில், கோப்புக்குள் பொதிந்திருக்கும் சிறு நிரலான மேக்ரோவை அனுமதிக்காவிட்டாலும் வேர்டு கோப்பைத் திறந்த அளவிலேயே கணினி அயலார் கைக்குப் போய்விடும் என்று படித்தேன். ஜூன் 15க்குள் படிவம் 16, அடுத்து ஜூலை முழுவதும் வருமான வரிக் கணக்கு என்று வேலை நெருக்கும் இந்நாட்களில், வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் தரும் கோப்புகளை வாங்க மாட்டோம் என்று சொல்ல இயலாது. ஆன்ட்டிவைரஸைப் புதுப்பித்தாலே போதும் என்று பராமரிப்புக்கு வருபவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மனம் ஒப்பவில்லை. திருத்தம் வெளியாகும்வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அதனால் அன்றாட வேலை தடைப்படுமா?

செம்பூர் நெட்வொர்க் | 2022 ஜூன் 2

உங்கள் ஐயம் சரியானதே. ஆன்ட்டிவைரஸ் தெரிந்த கோப்புகளைப் பிடிக்கும்; சற்று மாற்றி எழுதப்பட்ட கோப்பைத் தவறவிடக்கூடும். அதனால் கோப்பைத் துரத்துவதைவிட, அது பயன்படுத்தும் கதவையே அடைப்பது நல்லது.

அந்தக் கதவு வேர்டில் இல்லை. கணினியில் ஏற்படும் கோளாறுகளை ஆராய்ந்து மைக்ரோசாஃப்டின் உதவிப் பிரிவுக்குத் தகவல் அனுப்புவதற்காக விண்டோஸில் எம்எஸ்டிடி என்றொரு கருவி இருக்கிறது. தீய கோப்பைத் திறந்ததும், வேர்டு வெளியே ஒரு சர்வரிலிருந்து டெம்ப்ளேட் என்ற பெயரில் ஒரு வலைப்பக்கத்தை இழுத்து வருகிறது. அந்தப் பக்கத்திலுள்ள ‘எம்எஸ்-எம்எஸ்டிடி’ என்று தொடங்கும் இணைப்பு அந்தக் கருவியை எழுப்பி, அதன் மூலம் விண்டோஸை இயக்க உதவும் பவர்ஷெல் கட்டளைகளை ஓடவிடுகிறது. இதில் மேக்ரோவுக்கு வேலையே இல்லாததால், மேக்ரோவைத் தடை செய்திருப்பது உங்களைக் காக்காது.

மைக்ரோசாஃப்ட் கூறும் தற்காலிக வழி அந்த இணைப்பு வகையை நீக்கிவிடுவதுதான். முழு அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டராக, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, கிளாசஸ் ரூட் பகுதியில் ‘எம்எஸ்-எம்எஸ்டிடி’ என்ற கீயை, அதாவது பதிவை, கண்டுபிடியுங்கள். முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து ஒரு கோப்பாகச் சேமித்த பிறகே அழியுங்கள். ரெஜிஸ்ட்ரியில் தவறான இடத்தில் கை பட்டால் கணினியே முடங்கக்கூடும் என்பதால், ஒரு கணினியில் செய்து, அரை நாள் வேலை பார்த்துவிட்டு, பிறகு மற்றவற்றைத் தொடுங்கள். கோளாறுகளைத் தேடிச் சரிசெய்யும் டிரபிள்ஷூட்டர்களை இணைப்பு வழியாகத் திறக்க முடியாது என்பதே இதனால் வரும் இழப்பு. அவற்றை செட்டிங்ஸிலிருந்து திறக்கலாம். கணக்கு வேலைக்கு எந்த இடையூறும் இல்லை.

இன்னொன்று. தாக்குபவருக்குக் கிடைப்பது கோப்பைத் திறந்தவருக்கு இருக்கும் அதிகாரம்தான். உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் வேலை செய்கிறார்கள் என்றால், இன்றே சாதாரணக் கணக்குகளை உருவாக்கிக் கொடுங்கள்.

தாராவி அச்சகம் | 2022 ஜூன் 3

மேலே சொன்னதோடு, கோப்பைத் திறக்காமலே உள்ளடக்கத்தைக் காட்டும் பிரிவியூ பேனையும் மூடிவிடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் ஆல்ட்டையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஆர்டிஎஃப் வகைக் கோப்பாக இருந்தால், திறக்க வேண்டியதே இல்லை. அந்தப் பேனில் தெரிந்தாலே தாக்குதல் நடந்துவிடும்.

கோப்பைப் படிக்க மட்டும் விடும் வேர்டின் புரொடெக்டட் வியூ காப்பாற்றும் என்று நம்பி இருந்துவிடவும் வேண்டாம். இணையத்திலிருந்து வந்தது என்ற அடையாளம் கோப்பில் இருந்தால்தான் வேர்டு அந்த மஞ்சள் பட்டையைக் காட்டும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் அந்த அடையாளம் தங்காது. எங்கள் அச்சகத்துக்கு நாளும் பென் டிரைவோடு ஆட்கள் வருவதால், இதை நான் அனுபவித்து அறிந்தேன். மஞ்சள் பட்டை தெரியும்போதும், எடிட்டிங் பொத்தானை அழுத்தும் முன் அனுப்பியவரை ஒருமுறை தொலைபேசியில் கேட்கும்படி ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

முலுண்ட் மூத்தவர் | 2022 ஜூன் 3

2005 டிசம்பர் இறுதியில் டபிள்யூஎம்எஃப் படக் கோப்பில் இதே போன்ற குறை வெளிப்பட்டபோது நான் பணியில் இருந்தேன். 2006 ஜனவரி 5 அன்று திருத்தம் வரும்வரை, படங்களைக் காட்டும் நிரல் அடங்கிய ஒரு டிஎல்எல் கோப்பை விண்டோஸிலிருந்து விலக்கி வைத்துச் சமாளித்தோம். அதைத் திரும்பச் சேர்க்கப் பல கணினிகளில் மறந்துவிட்டோம். படங்கள் தெரியவில்லை என்ற புகார்கள் மாதக்கணக்கில் வந்தன. எந்தக் கணினியில், எந்த நாளில், எதை நீக்கினீர்கள், சேமித்த கோப்பு எங்கே இருக்கிறது என்பதை ஒரு நோட்டில் கையால் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் 7 பற்றி யாரும் சொல்லவில்லை. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது; பணம் கட்டி நீட்டிப்புப் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே திருத்தம் கிடைக்கும். அந்த இரண்டு கணினிகளில் நீங்கள் அழிக்கும் கீயைத் திரும்பச் சேர்க்கவே கூடாது.

மாட்டுங்கா கணக்கர் | 2022 ஜூன் 15

பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஜூன் 3 மாலைக்குள் 11 கணினிகளிலும் கீயை நீக்கி, பிரிவியூ பேனை மூடி, ஏழு பேருக்குச் சாதாரணக் கணக்குகளை அமைத்தேன். எந்த வேலையும் நிற்கவில்லை. நேற்று இரவு வெளியான ஜூன் மாத அப்டேட்டில் இதற்கான திருத்தம் இருப்பதால், இன்று காலை எட்டு மணிக்கே வந்து ஒன்பது கணினிகளிலும் நிறுவிவிட்டேன். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை பரவியபோது, அதற்கான திருத்தம் வெளிவந்து 59 நாட்கள் ஆகியிருந்தன என்பதை அறிந்தவன் என்பதால், வார இறுதிவரை காத்திருக்க எனக்குத் துணிவு வரவில்லை. நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றிலும் கீயைத் திரும்பச் சேர்த்தேன்.

விண்டோஸ் 7 கணினிகளில் ஒன்றை ஓய்வு கொடுத்து அனுப்ப முதலாளி இசைந்துவிட்டார். பழைய ஆண்டுக் கணக்குகளைத் திறக்க மற்றொன்று தேவைப்படுகிறது. அதன் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, பென் டிரைவ் செருகக் கூடாது என்று திரையின் மேல் தமிழிலும் மராத்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தக் கணக்குகளைப் புதிய கணினிக்கு மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் இருந்தால், தயவுசெய்து இங்கேயே எழுதுங்கள்.