லாங்கே மலையில் குடும்ப விடுதி: அறையில் சோறு வைத்தேன், வீடே இருண்டுவிட்டது. நாளை வெளியே அனுப்பிவிடுவார்களா?

கோவையிலிருந்து வந்தவள் | ஞாயிறு, அக்டோபர் 5, இரவு 10:40

வணக்கம். இத்தாலியில் இருக்கும் அக்கா, அண்ணன்மார் யாராவது விழித்திருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள். இன்னும் கை நடுங்குகிறது.

லா மொர்ரா பக்கம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில் தங்கியிருக்கிறேன். மொத்தம் ஆறு அறைகள். கீழே வீட்டம்மா, அவருடைய வயதான தாயார், மகன். அன்பானவர்கள்தான். ஆனால் நான் சைவம். வந்த நாளிலிருந்து ரொட்டியும் ஆப்பிளும்தான். நேற்று குடைமிளகாயோடு ஒரு சூடான பூண்டுக் குழம்பு தந்தார்கள். ரசித்துச் சாப்பிட்ட பிறகுதான் அதில் நெத்திலி கரைத்திருக்கிறது என்று தெரிந்தது. இரவு முழுவதும் அழுதேன்.

இன்று பொறுக்க முடியாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரை அறையில் போட்டேன். ரசத்துக்கு இண்டக்‌ஷன் அடுப்பும். கீழே பன்னிரண்டு பேருக்கு இரவு விருந்து நடந்துகொண்டிருந்தது. ஐந்தே நிமிடம், வீடு முழுவதும் இருட்டு. வீட்டம்மா டார்ச்சோடு மேலே வந்தார். அறையெல்லாம் ரசப்பொடி வாசனை. குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேகமாக ஏதோ சொன்னார். "பார்லியாமோ", "தொமானி", "கொலாத்ஸியோனே" என்ற மூன்று சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

முதல் நாள் என் பாஸ்போர்ட்டை வாங்கிப்போய் மறுநாள்தான் திருப்பித் தந்தார். போலீஸில் சொல்லிவிடுவாரா? இந்த நேரத்தில் வேறு அறை எங்கே கிடைக்கும்?

தூரினோவில் ஆறாவது வருடம் | இரவு 10:58

தங்கையே, முதலில் தண்ணீர் குடியுங்கள். நான் வந்த புதிதில் ஒரே அறையில் நான்கு பேர். இரண்டு மாதம் தரையில் படுத்தேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஜன்னலைத் திறந்துவைத்து, டிசம்பர் குளிரில் பருப்பு வேகவைத்திருக்கிறேன். அதையெல்லாம் தாண்டித்தான் வந்தோம்.

என் யோசனை: மலையை விட்டு இறங்கிவிடுங்கள். தூரினோவில் போர்த்தா பலாட்ஸோ சந்தைக்குப் போனால் பச்சை மிளகாய், வெண்டைக்காய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். ஆல்பாவிலிருந்து பிரா நகரம் வழியாக ரயில் நேராக வருகிறது. அதுவரை சமைப்பதானால் எல்லோரும் தூங்கிய பிறகு குக்கரை மட்டும் போடுங்கள்.

பலெர்மோவில் இருந்து ஓர் அக்கா | இரவு 11:10

பிள்ளை, ஒளித்துச் சமைக்க வேண்டாம். மேலே தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து 1990களில் வந்தவர்கள். நான் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்தேன். மொழி தெரியாது. கறி வாசனை வந்தால் துரத்திவிடுவார்கள் என்று பயந்து மூன்று மாதம் பாணும் பாலும்தான். ஒருநாள் மயங்கி விழுந்தேன். அந்த வீட்டு அம்மா காரணம் கேட்டு அழுதுவிட்டார். அடுத்த நாளே சந்தைக்குக் கூட்டிப்போய், "உனக்கு என்ன வேண்டும், கையால் காட்டு" என்றார். இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் சாந்தா ரொசாலியா கோயிலுக்கு மோந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறும்போது அவருக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறேன். அங்கே எங்கள் ஆட்கள் இந்து, கிறிஸ்தவர் என்று பாராமல் ஏறுவார்கள்.

காலையில் அந்த அம்மாவோடு நேரே கதையுங்கள்.

கனெல்லி பக்கம் வேலை | இரவு 11:21

திராட்சை அறுவடைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கவனம். நெப்பியோலோ பழம் கடைசியாகத்தான் அறுப்பார்கள், அக்டோபரிலும் வேலை இருக்கும். ஆனால் ஒப்பந்தம் எழுதாமல் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். இடையில் நின்று கூலியில் பாதியை எடுத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு. அதைத் தடுக்க 2016இல் 199ஆம் எண் சட்டமே போட்டிருக்கிறார்கள். நான் அப்படி ஒருவரிடம் இரண்டு வாரக் கூலியை இழந்தவன். தங்குமிடம் தருகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்.

கோவையிலிருந்து வந்தவள் | இரவு 11:26

அண்ணா, நான் வேலைக்கு வரவில்லை, படிக்க வந்திருக்கிறேன். பொல்லென்ஸோவில் உணவு அறிவியல்.

மின்வேலை செய்பவன், பொலோஞ்ஞா | இரவு 11:34

மின்சாரம் போனது உங்கள் குற்றமே இல்லை. யாரும் விளக்காததால் சொல்கிறேன்.

இங்கே வீட்டு இணைப்புகளுக்குப் பெரும்பாலும் 3 கிலோவாட் வரைதான் ஒப்பந்தம். அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் இழுத்தால் மீட்டரே துண்டித்துக்கொள்ளும். விடுதிக்குக் கூடுதலாக வாங்கியிருப்பார்கள். ஆனால் பன்னிரண்டு பேர் விருந்து என்றால் கீழே மின்சார அவன், பாத்திரம் கழுவும் இயந்திரம் எல்லாம் ஓடியிருக்கும். அதன்மேல் உங்கள் இண்டக்‌ஷன் 2 கிலோவாட், குக்கர் முக்கால் கிலோவாட். மீட்டரில் பொத்தானைத் தூக்கிவிட்டால் விளக்கு வந்துவிடும். இது எல்லா இத்தாலிய வீட்டிலும் நடப்பது. துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது தலைமுடி உலர்த்தினால் இருட்டு என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் படுக்கையறையில் இண்டக்‌ஷன் வைப்பது வேறு விஷயம். மர உத்தரம் போட்ட பழைய வீடாக இருக்கும். அதை நிறுத்திவிடுங்கள். இரவில் ரகசியமாகவும் வேண்டாம்.

மிலானோ, இரண்டு பிள்ளைகளின் தாய் | இரவு 11:45

எல்லாம் சரி, ஆனால் இந்த நாட்டில் அறை கிடைப்பதே பெரும் பாடு. தொலைபேசியில் "இருக்கிறது" என்பார்கள். நம் பெயரைக் கேட்டதும் "இப்போதுதான் போய்விட்டது" என்பார்கள். எனக்கு பதினோரு முறை அப்படி நடந்தது. என் கணவர் நல்ல சம்பளத்தில் இருந்தும்.

தூரினோவில் ஆறாவது வருடம் | இரவு 11:49

உண்மை அக்கா. மத்தியானம் கடை மூடி, ஞாயிறு பஸ் நின்று, ஆகஸ்டில் ஊரே காலியாகி... ஒரு கையெழுத்துக்கு நான் மூன்று முறை விடுப்பு எடுத்திருக்கிறேன்.

கனெல்லி பக்கம் வேலை | இரவு 11:53

குளிரையும் சொல்லுங்கள். பெரும்பாலான ஊர்களில் அக்டோபர் 15க்குத்தான் வீட்டுச் சூடேற்றியைப் போட அனுமதி. அதற்குமுன் இந்த மலையில் மூடுபனி இறங்கிவிடும். நெப்பியோலோ என்ற பெயரே நெப்பியா என்ற மூடுபனியிலிருந்து வந்தது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். பழத்துக்கு நல்லது. மனிதனுக்கு எலும்பு நோகும்.

பிரா நகரில் படித்து முடித்தவள் | நள்ளிரவு 12:05

எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அவளிடம் கேட்க வேண்டியதை யாருமே கேட்கவில்லை.

தங்கையே, இத்தாலியில் இறங்கிய தேதி எது? மாணவர் விசாதானே? தபால் நிலையத்துக்குப் போய் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவுக்கு விண்ணப்பித்தாயா? அறை எந்தத் தேதி வரை? முட்டை சாப்பிடுவாயா?

கோவையிலிருந்து வந்தவள் | நள்ளிரவு 12:11

செப்டம்பர் 25, வியாழக்கிழமை இறங்கினேன் அக்கா. மாணவர் விசாதான், ஒரு வருடத்துக்கு. அதுதான் கையில் இருக்கிறதே, பெர்மெஸ்ஸோ எதற்கு? அறை 20ஆம் தேதி வரை. அதற்குப் பிறகு வெள்ளைக் கிழங்குக்காளான் திருவிழாவுக்கு வருபவர்கள் முன்பே பதிவு செய்துவிட்டார்கள் என்று வீட்டம்மா சொன்னார். முட்டை சாப்பிடுவேன்.

பிரா நகரில் படித்து முடித்தவள் | நள்ளிரவு 12:32

அப்படியானால் இன்றைய மின்வெட்டு சின்ன விஷயம். விசா உள்ளே வருவதற்கு. இங்கே தங்குவதற்கு பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோ வேண்டும். இறங்கியதிலிருந்து எட்டு வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எண்ணிப் பார், செவ்வாயோடு முடிகிறது. கடைசி நாளுக்கு வைக்காதே, விடிந்ததும் போ.

"ஸ்போர்த்தெல்லோ அமீகோ" என்று பலகை மாட்டிய தபால் நிலையமாகப் பார். பிராவிலும் ஆல்பாவிலும் இருக்கிறது. மஞ்சள் பட்டை போட்ட உறையைக் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். அதற்குமுன் புகையிலைக் கடையில், நீலப் பலகையில் வெள்ளை 'டி' எழுத்து இருக்குமே, அங்கே 16 யூரோ முத்திரை வில்லை வாங்கிக்கொள். பாஸ்போர்ட்டில் விசாவும் முத்திரையும் உள்ள பக்கங்கள், பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், மருத்துவக் காப்பீடு, பணம் இருப்பதற்கான சான்று, எல்லாவற்றுக்கும் நகல் எடு. அசலையும் கையில் வைத்திரு. உறையை ஒட்டாமல் கொண்டுபோ, அவர்கள் பார்த்த பிறகுதான் மூடுவார்கள். ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணம் 70.46 யூரோ, தபால் செலவு 30 யூரோ தனி.

அவர்கள் தரும் ரசீதை உயிர்போல வைத்துக்கொள். அட்டை வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தச் சீட்டுதான் உன் ஆதாரம். நான் அதை மழையில் நனைத்துவிட்டு, எழுத்து அழிந்துபோய், விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். பிளாஸ்டிக் உறையில் போடு.

பாஸ்போர்ட் விஷயம்: விடுதிக்காரர்கள் தங்க வருபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் பதிந்தே ஆகவேண்டும். இத்தாலியருக்கும் அதேதான். உன்னைப் பதிந்திருக்கிறார், அது உனக்குப் பாதுகாப்பு. இனி யாராவது கேட்டால் அவர்கள் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்.

கடைசியாக, அவர் சொன்னது என்னவென்று எனக்குப் புரிகிறது. "நே பார்லியாமோ தொமானி, அ கொலாத்ஸியோனே." நாளைக் காலை உணவின்போது பேசிக்கொள்ளலாம். அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் கீழே காத்திருக்கும்போது வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

பலெர்மோவில் இருந்து ஓர் அக்கா | நள்ளிரவு 12:40

இந்தப் பிள்ளை சரியாகச் சொல்கிறது. காலையில் இரண்டு வசனம் பாடமாக்கிக்கொண்டு போங்கள். "சோனோ வெஜெதாரியானா: சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே, சென்ஸா அச்சூகே." அச்சூகே என்றால் நெத்திலி. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை மீனாகவே எண்ணுவதில்லை. பிறகு, "போஸ்ஸோ உஸாரே லா குச்சீனா?" சமையலறையைப் பயன்படுத்தலாமா என்று.

பிரா நகரில் படித்து முடித்தவள் | நள்ளிரவு 12:48

அந்த மலைச் சாப்பாட்டில் நீ சாப்பிடக்கூடியதும் உண்டு. தயாரின் என்ற மெல்லிய நூடுல்ஸ் முட்டை மஞ்சள்கருவில் பிசைந்தது. வெண்ணெயோடு கேள், இல்லையென்றால் இறைச்சிக் குழம்பு ஊற்றிவிடுவார்கள். ஆஞ்ஞொலோத்தி தெல் பிளின் வேண்டாம், உள்ளே இறைச்சி. ரிசோத்தோ என்றால் எந்தச் சாற்றில் வேகவைத்தது என்று கேள். பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி, நெத்திலி சேர்க்காத சுட்ட குடைமிளகாய், நொச்சோலா கொட்டையில் செய்த கேக், இவற்றில் கவலை இல்லை. முன்பு சாப்பிட்டதை நினைத்து அழாதே. தெரியாமல் நடந்தது.

கோவையிலிருந்து வந்தவள் | திங்கள், மாலை 5:20

எல்லோருக்கும் நன்றி. எழுதும்போதே கண் கலங்குகிறது.

காலை ஏழு மணிக்கே இறங்கிப்போனேன். மேசையில் என் இடத்தில் ஒரு துண்டு கொட்டைக் கேக், பக்கத்தில் என் குக்கரின் மூடி. நேற்று பதற்றத்தில் மாடிப்படியில் விழுந்திருக்கிறது, துடைத்து வைத்திருந்தார். அக்கா சொன்ன வசனத்தைச் சொன்னேன். "அச்சூகே" என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய் சுவர்க் கடிகாரத்தில் மூன்றிலிருந்து ஐந்து வரை விரலால் வரைந்து காட்டினார். அந்த நேரம் எரிவாயு அடுப்பு எனக்கு. பாட்டி ரசப்பொடியை முகர்ந்து பார்த்து, மிளகு, சீரகம் என்று ஒவ்வொன்றாகத் தன் மொழியில் பெயர் சொன்னார்.

தபால் நிலையத்துக்கு மகன் பிராவரை காரில் கொண்டுபோய் விட்டார். ரசீது வாங்கிவிட்டேன். கைரேகைக்கு இடம், நாள், நேரம் போட்ட தாளும் தந்தார்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்துவிட்டேன்.

20ஆம் தேதிக்குப் பிறகு, பிராவில் வீட்டம்மாவின் உறவினர் ஒருவர் வீட்டில் ஓர் அறை காலியாம். வாடகை ரொக்கமாகத் தரலாம், காகிதம் எதுவும் வேண்டாம் என்கிறாராம். சரி என்று சொல்லலாமா?

பிரா நகரில் படித்து முடித்தவள் | திங்கள், மாலை 5:51

அறையைப் பார், பிடித்தால் எடுத்துக்கொள். ஆனால் காகிதம் இல்லாமல் வேண்டாம். ஒப்பந்தம் எழுதி வரி அலுவலகத்தில் பதியச் சொல். அதற்கு உன் கோதிசே ஃபிஸ்காலே என்ற வரி எண் வேண்டும். இல்லையென்றால் இந்த வாரமே வாங்கு, கட்டணம் கிடையாது. அங்கே குடிபோனதும் 48 மணி நேரத்துக்குள் அந்த வீட்டுக்காரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வெளிநாட்டவர் ஒருவர் தங்குகிறார் என்று. விடுதியில் இருந்ததுபோல் தானாக நடக்காது. அந்தத் தாளின் நகல் உன்னிடம் இருக்கட்டும், நாளை அலுவலகங்களில் முகவரிச் சான்று கேட்டால் கைகொடுக்கும்.

உறவினரிடம் நீயே பேசாதே. வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசச் சொல். கைரேகைக்குப் போகும் நாளில் நான்கு புகைப்படம், பாஸ்போர்ட், ரசீது, உறையில் போட்ட எல்லாவற்றின் அசல். அதிகாலைப் பஸ் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்.