வீடு மாறி மூன்று மாதம், கடிதங்கள் இன்னும் கொக்குவிலுக்கே போகின்றன

கேள்வி: கந்தரோடைக்குப் புதிது

வணக்கம். பத்து வருசம் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வாடகைக்கு இருந்துவிட்டு, தை மாதம் அம்மாவோடு கந்தரோடைக்கு வந்தோம். சாமான் இறக்கியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். போன கிழமை பழைய வீட்டுக்காரர் கூப்பிட்டு ஒரு கட்டுக் கடிதம் தந்தார். படலையில் செருகிவிட்டுப் போனவை. இரண்டு, மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. மெல்லப் பிரித்தால், அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்குத் திகதி குறித்த கடிதம். அந்தத் திகதி கழிந்து பன்னிரண்டு நாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை வெயிலில் காயவைத்து, மடித்து, கிளினிக் கொப்பிக்குள் வைத்தார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

எங்கெங்கே முகவரி மாற்ற வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும்? கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் வங்கியில் அதை ஏற்கவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற தபாற்காரர்

பிள்ளை, வங்கி பிறகு. முதலில் கொக்குவில் தபாற்கந்தோருக்குப் போய், புது முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயர் மட்டும் போதாது. அம்மாவின் பெயர் கடிதங்களில் எப்படியெல்லாம் வருகிறதோ அப்படியெல்லாம் எழுதுங்கள். ஒன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு வரும், இன்னொன்றில் கணவன் பெயரோடு வரும். புதிதாக வேலைக்கு வந்த பெடியனுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்?

அடுத்தது, முகவரியின் கடைசி வரி. கந்தரோடை என்று எழுதி அடுத்த வரியில் சுன்னாகம் என்று போடுங்கள். யாழ்ப்பாணம் என்று முடித்தால் கடிதம் ரவுணுக்குப் போய்ச் சுற்றித்தான் வரும். ஒழுங்கையின் பெயரையும் விடாதீர்கள். வீட்டு இலக்கம் தெரியாவிட்டால் ஆதனவரித் துண்டில் இருக்கும், வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அப்புறம், உங்கள் பக்கம் வரும் தபாற்காரரை ஒருநாள் மறித்து முகத்தைக் காட்டிக் கதையுங்கள். நான் முப்பது வருசம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவன். முகம் தெரிந்த வீட்டுக் கடிதத்தைப் படலையில் செருகிவிட்டுப் போக எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

பதில்: கோண்டாவில் அக்கா

வங்கிக்கு விதானையாரின், அதாவது கிராம அலுவலரின், வதிவிடச் சான்றிதழ் எடுங்கள் தங்கச்சி. கொக்குவில் நல்லூர்ப் பிரதேச செயலகத்துக்குள் வரும், கந்தரோடை உடுவிலுக்குள் வரும். அதனால் புது இடத்து விதானையாரிடம்தான் போக வேண்டும். அவர் தந்ததைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்குங்கள். போகும்போது வாடகை ஒப்பந்தம், இரண்டு பேரின் அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். அதே நேரம் வாக்காளர் இடாப்பில் பதியவும் சொல்லுங்கள். அடையாள அட்டையில் முகவரி மாற்றுவதற்கும் அவரூடாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பதில்: கிளினிக்குக்கு அலைபவன்

அக்கா, இன்னொரு கடிதம் வரும் என்று பார்த்திருக்க வேண்டாம். அந்தக் காய்ந்த கடிதத்தையும் கொப்பியையும் கொண்டு அடுத்த கிளினிக் நாளன்றே போங்கள். முகவரியை அங்கேயே மாற்றிப் பதியச் சொல்லி, தொலைபேசி இலக்கத்தையும் எழுதுவியுங்கள். என் அப்பாவுக்கு ஒருமுறை திகதி மாறியபோது அழைப்பில்தான் சொன்னார்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இன்று கொக்குவிலில் எழுதிக் கொடுத்தேன். அம்மாவின் பெயர் மூன்று விதமாக வந்தது ஐயா, மூன்றையும் எழுதினேன். திரும்பி வரும்போது ஒழுங்கை முகப்பில் எங்கள் தபாற்காரரைக் கண்டேன். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுச் சட்டைப்பைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். "கிணற்றடியில் முருங்கை நிற்கிற வீடோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். செவ்வாய்க்கிழமை அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன்.